வடகக் காலத்தில் ஓர் ஓவியர்

இந்த வருஷம் வெங்காயம் உரிப்பதில்லை என்று ஞானசேகர் முடிவெடுத்தது ஈஸ்டர் பூசையில், சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது. பிரசங்கம் வேறு எதைப் பற்றியோ.

ஈஸ்டர் முடிந்து வெயில் ஏறியதும் அவர் மனைவி சகாயம்மாள் வடகம் போடுவாள். வீட்டுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. தேவகோட்டைத் தங்கைக்கு, சென்னையில் இருக்கும் மகளுக்கு, மகளின் மாமியாருக்கு, அதை ஒருநாள் ருசி பார்த்துவிட்டு "நல்லாருக்கே" என்று சொல்லித் தொலைத்த அந்த மாமியாரின் பக்கத்து வீட்டுக்காரிக்கு. சின்ன வெங்காயம் மூட்டையாக வந்து இறங்கும். உரிப்பது ஞானசேகர். ஆபீசில் அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு கோப்பு நகராது. வீட்டில் மூட்டை காலியாகாமல் அவர் நகர முடியாது.

சகாயம்மாளிடம் பேசி ஜெயித்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. அதனால் கலையைத் துணைக்கு அழைத்தார். செல்போனில் ஓர் ஓவிய வாத்தியார் அகப்பட்டார். வயசு ஒரு தடையே இல்லை, தினமும் ஒரு மணி நேரம் வரைந்தால் யாருக்கும் கை வரும் என்று அவர் சத்தியம் செய்தார். ஞானசேகர் செக்காலை ரோட்டில் ஒரு ஸ்கெட்ச் புக்கும் நாலைந்து தினுசுப் பென்சிலும் வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் டமாரென்று வைத்தார். காபி டம்ளர் ஆடியது.

"சகாயம், கேட்டுக்க. நாளையிலருந்து காலையில ஆறு டு ஏழு என்னோட நேரம். படம் வரையப் பழகப் போறேன். யாரும் கூப்பிடக் கூடாது."

"தாராளமா பழகுங்க."

"வடக வேலைக்கும் வரமாட்டேன்."

"உங்கள யாரு கூப்பிட்டா?"

இந்த இடத்தில் விவரமான ஆம்பளை எவனும் சுதாரித்திருப்பான். ஞானசேகர் பென்சில் சீவப் போய்விட்டார்.

முதல்நாள் நாற்காலியை வரைந்தார். சகாயம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஆடு நல்லா வந்திருக்கு."

"அது நாற்காலி!"

"அதான் நாலு காலு இருக்காக்கும்."

மறுநாள் அவளையே உட்காரவைத்து வரைந்தார்.

"எங்க அண்ணன எதுக்கு வரைஞ்சீக?"

"நீதான் அது. மூக்குக்குக் கீழ இருக்கது நிழலு. மீசையில்ல."

வேறு யாராக இருந்தாலும் பென்சிலை முறித்துப் போட்டிருப்பார்கள். அவர் மசியவில்லை. மறுநாளும் ஆறு மணிக்கு உட்கார்ந்தார். உண்மையில் அந்த ஒரு மணி நேரம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஐம்பத்தைந்து வயசில் முதன்முதலாக, தனக்கே தனக்கென்று ஒன்று. யார் கேட்டாலும் இதை விட்டுக் கொடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தார்.

சகாயம்மாளும் அதைக் கேட்கவில்லை. ஓர் எவர்சில்வர் தட்டில் ஒரே ஒரு சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க வாத்தியாரு போன்ல சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. உருண்டையா, சின்னதா ஒரு பொருள எடுத்துக்கிட்டுத் தினம் வரையணுமாம்ல?"

ஞானசேகர் வெங்காயத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். ஒரே ஒரு வெங்காயம். அது என்ன செய்துவிடப் போகிறது? வரைந்தார். ஆச்சரியம், வெங்காயம் மாதிரியே இருந்தது.

"அடி ஆத்தி! அப்படியே இருக்கே!" என்றாள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "தோலு உரிச்சா எப்படி இருக்கும்னு தெரியல. அது கஷ்டமோ என்னமோ."

"என்ன கஷ்டம்?" என்று உரித்தார்.

வசமாக விழுந்தார். உரித்த வெங்காயத்தில் ஜன்னல் வெளிச்சம் ஒரு புள்ளியாக வந்து நின்றது. அந்தப் புள்ளியைப் பிடிப்பதற்குள் வெங்காயம் காய்ந்து பளபளப்புப் போய்விடும். வேறொன்றை உரிக்க வேண்டும். அது வேறு மாதிரி இருக்கும்.

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுங்க" என்று சகாயம்மாள் கூடையை நகர்த்தி வைத்தாள். "ஒத்தையா எதுக்கு வரையிறீக? குவியலா இருந்தா நிழலு மேல நிழலு விழும்ல?"

அது சரியான யோசனைதான் என்று ஞானசேகருக்கே பட்டது. பேசின் நிறைய உரித்துக் குவித்து வரைந்தார். ஆறு மணிக்கு உரிக்க உட்கார்ந்தால் வரைய நேரம் போதவில்லை என்று ஐந்தரைக்கே உரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கலைஞன் என்றால் கண் கலங்கத்தான் செய்யும் என்று பொறுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு லூர்து பிரகாஷ் மதில் சுவர் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார். விரலெல்லாம் கறுத்திருந்தது.

"எம் பொண்டாட்டி ஆன் மேரி என்னைய விடவே இல்லண்ணே. மூட்டை பூராவும் நான்தான் உரிச்சேன். நீங்க?"

"தம்பி, நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். ஆம்பளன்னா ஒரு நிமிர்வு வேணும். இந்த வருஷம் ஒரு வெங்காயத்தக்கூட வடகத்துக்காகத் தொடலை."

"அப்ப உங்க மாடியில காயிதே வடகம், அதுக்கு யாருண்ணே உரிச்சா?"

ஞானசேகர் மாடிக்கு ஓடினார். பாய் பாயாக வடக உருண்டை காய்ந்துகொண்டிருந்தது. கருமையான ஒவ்வொரு உருண்டையிலும் தன் கலை வாழ்க்கை நசுங்கிக் கிடப்பதைக் கண்டார். இறங்கி வந்தார்.

"என்னைய ஏமாத்திட்டல்ல?"

"நான் என்னத்த ஏமாத்துனேன்? நீங்க வரைஞ்சு முடிச்ச வெங்காயத்தக் குப்பையிலயா போடுறது? உங்க நேரத்துல கை வச்சேனா?" என்றவள், குரலை இறக்கி, "அப்ப, பழகுறத விட்டுருவீகளா?" என்றாள்.

"விடுறதா! நாளைக்கும் ஆறு மணிக்கு உக்காருவேன். ஆனா உரிக்கிறது, நறுக்குறது, அரைக்கிறது எதையும் வரைய மாட்டேன். அடுப்படிச் சாமான் ஒண்ணுகூடக் கிடையாது." சுற்றுமுற்றும் பார்த்தார். எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு வேலை ஒளிந்திருப்பதுபோல் இருந்தது. அண்ணாந்து பார்த்தார். வெற்றி. "அந்த ஃபேன வரையப் போறேன். அத நீ எப்படி உரிக்கச் சொல்றன்னு பாக்குறேன்!"

சகாயம்மாள் ஃபேனை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தோற்றுவிட்டாள் என்று நினைத்து அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

காலை ஆறு மணி. ஃபேனுக்கு நேர் கீழே ஸ்டூல் தயாராக நின்றது. சகாயம்மாள் கையில் ஈரத்துணி.

"தூசியத் தட்டிட்டு வரைங்க, அப்பத்தான் றெக்கையில வெளிச்சம் நிக்கும். இது முடிஞ்சதும் மத்த ரூம்லயும் இருக்கு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது."