நாற்பத்தொன்றாவது கையெழுத்து

ஆறு வருஷமாகக் கல்வி உளவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறேன். பட்டம் வரவில்லை, வழுக்கை வந்துவிட்டது. "இந்த மாசக் கடைசிக்குள்ள உருப்படியா ஏதாவது கொண்டுவாங்க. இல்லேன்னா உங்க பதிவையே ரத்து பண்ணிடுவாங்க" என்று என் கைடு கையை விரித்துவிட்டார்.

அன்றே சபதம் எடுத்தேன். என் தலைப்பு, 'பாராட்டினால் வேலைத்திறன் கூடுமா?' அதற்கு ஆள் தேடி ஊரெல்லாம் அலைவானேன்? வீட்டிலேயே மனைவி இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர். பகலில் நாற்பது வாண்டுகளை மேய்த்துவிட்டு, சாயங்காலம் என்னை மேய்ப்பவள். பாராட்டிப் பாராட்டியே என் பங்குப் பாத்திரங்களையும் அவள் தலையில் கட்டிவிட்டால் பட்டமும் கிடைக்கும், கையில் சோப்பும் படாது.

ஒரே சிக்கல், ஒப்புதல் படிவம். அதில் கையெழுத்து வேண்டும். அவள் கையெழுத்துப் போட வைத்திருந்த ரேங்க் கார்டுக் கட்டின் நடுவே நைசாகச் செருகினேன். நாற்பதில் போட்டவள் நாற்பத்தொன்றாவதிலும் போட்டுவிட்டாள்! அவள் கையெழுத்து கண்ணில் பட்டதும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று.

"அடடா, நீ பாத்திரம் தேய்க்கிற அழகே அழகு!"

"நிஜமாவா? பக்கத்துல நின்னு சொல்லுங்க, இன்னும் உற்சாகமா இருக்கும்."

நின்றேன்.

"சும்மாதானே நிக்கிறீங்க, இந்த டம்ளரைத் துடைங்களேன்."

துடைத்தேன்.

"ஐயோ, என்ன பளபளப்பு! எனக்கு இப்படி வராதுப்பா. அந்த வாணலியையும் ஒரு கை பாத்துடுங்க."

பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, வாணலி ஜொலித்தது. அவள் காலண்டரில் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். ஏதோ பள்ளிக்கூட விவகாரம் என்று விட்டுவிட்டேன். 'மனைவி உற்சாகமாக இருக்கிறாள்' என்று மூன்று வாரமும் தவறாமல் குறித்துவந்தேன்.

கடைசி நாள். பையிலிருந்ததை அப்படியே கைடின் மேஜைமேல் வைத்தேன். என் நோட்டோடு, பூப்போட்ட அட்டை நோட்டு ஒன்றும் வந்து விழுந்தது. அவர் அதைப் புரட்டினார்.

"பிரமாதம்! முதல் நாள் ஒரு டம்ளரும் வாணலியும். மூணாவது வாரம் குக்கரோட சேர்த்து நாளைக்குப் பத்தொன்பது பாத்திரம். அத்தனையும் வெறும் பாராட்டுலயே! ஆறு வருஷத்துல நீங்க இப்படி ஒரு பக்கம் எழுதியிருக்கீங்களா?"

"அது யார் எழுதினது சார்?"

அவர் படிவத்தை விரித்துக் காட்டினார். 'ஆய்வாளர்' என்ற இடத்தில் என் மனைவியின் கையெழுத்து. 'ஆய்வுக்கு உட்படுபவர்' என்ற இடத்தில் என் பெயர், அவளுடைய குண்டுக் கையெழுத்தில்!

"உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டா இந்த ஆய்வு பிழைக்கும்."

ஆறு வருஷ உழைப்பாயிற்றே! பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

"நல்லது. உங்க மனைவியை நாளைக்கே வந்து பதிவு பண்ணிக்கச் சொல்லுங்க. பட்டம் அவங்களுக்குத்தான்."

"தீசிஸ்ல ஒரு மூலையிலயாவது என் பேர் வருமா சார்?"

"ஆய்வுக்கு உட்பட்டவர் பேரை எங்கேயும் வெளியிடக் கூடாதே! படிவத்துலயே போட்டிருக்கு. படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"