கார் ஷெட்டுக்கு ஒரு கதவு

"கார் இல்லியே வீரபாகு, கடையத்துக்குப் போயிருக்கு" என்று ஆவுடைநாயகம் சொல்லி வாய் மூடவில்லை. பக்கத்து வீட்டு வீரபாகு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஷெட்டின் மூங்கில் தட்டிக்குப் பின்னால் ஆஸ்டின் காரின் இரண்டு விளக்குகளும் முழித்துக்கொண்டிருந்தன.

"அடடே, வந்துட்டு போல!" என்று ஆவுடைநாயகமே சாவியை எடுத்துக் கொடுத்தார். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன.

கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத மனிதர் என்று தென்காசியில் அவருக்குப் பெயர். அந்தப் பெயர்தான் இப்போது கழுத்தை அறுத்தது. பழைய காரை வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஆசை ஒன்றே ஒன்று. மனைவி இராமலட்சுமியைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாமே ஓட்டிக் குற்றாலத்துக்குப் போய் ஒரு குளியல் போட வேண்டும். மூன்று மைல்தான்! ஆனால் ஞாயிறு விடிந்தால் யாராவது காரைக் கேட்டு வந்து நிற்பார்கள். எதிர்வீட்டு யாக்கூப் லாரி ஓட்டியவர். யார் கேட்டாலும் அவரே ஓட்டிக்கொண்டு போவார். போன குற்றால சீசன் இப்படியே போய்ச் சேர்ந்தது.

"எல்லாம் இந்தத் தட்டியாலதான். ஓட்டை வழியா ஊரே பாக்குது" என்று தகரக் கதவு போட்டார்.

தகரத்தில் ஓட்டை இல்லைதான். ஆனால் தொட்டால் போதும், கீழரத வீதித் தேர் கிளம்பின சத்தம். அடுத்த ஞாயிறு விடியற்காலையில் ஒரு சாண் திறந்தார். "அண்ணாச்சி காரை எடுக்காவ!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே யாக்கூப் ஓடி வந்துவிட்டார்.

பிறகு குத்தாலிங்கம் ஆசாரியைக் கூப்பிட்டார்.

"தேக்குல போடுவோம் அண்ணாச்சி. இல்லன்னா நல்லாக் காஞ்ச மரமாப் பாத்து வாங்குவோம்."

"அதுக்குள்ள இந்த சீசனும் போயிரும்வே! இலத்தூர்த் தோப்புல நம்ம பலா விழுந்து கெடக்கு. அதுல அறும்."

"பச்ச மரம். சாரல் பட்டா ஊதிக்கிடும்."

"ஊதுனா ஊதிட்டுப் போவுது. சத்தம் போடாம இருந்தாச் சரி."

ஆசாரி தலையில் அடித்துக்கொண்டு போனார். பலாக் கதவு பூனை மாதிரி மூடியது, திறந்தது. ஆவுடைநாயகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனி பிறந்தது. மூன்று நாளாக விடாத சாரல். ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஏட்டி, கெளம்பு. இன்னைக்கு நம்ம கார்ல குத்தாலம்!" என்றார்.

"இப்பவேவா? இருங்க, துண்டு எடுத்துட்டு வாரேன்" என்று இராமலட்சுமி உள்ளே போனாள்.

அவர் காலை ஊன்றி இழுத்துக் கதவைத் திறந்து ஷெட்டுக்குள் கால் வைத்தார். அதற்குள் வாசலில் யாக்கூபின் குரல்.

"அண்ணாச்சி! ஜன்னத்துக்கு மேலுக்கு முடியல. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். கார் கெடைக்குமா?"

பாவம், நல்ல பெண் யாக்கூபின் மனைவி ஜன்னத். மனசு அடித்துக்கொண்டது. 'ஏன், தென்காசியிலே டாக்டர் இல்லையா?' என்று அதே மனசு கேட்டது. ஆனால் கை, பாழும் கை, கதவை உள்ளிருந்து பலங்கொண்ட மட்டும் இழுத்து மூடிவிட்டது.

"இங்கனதான் இருந்தாவ. கார்ல கெளம்பிட்டாவளோ?" என்று இராமலட்சுமி சொல்வது கேட்டது. பேச்சு ஓய்ந்ததும் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்தார், காலால் உதைத்தார். ஊறிப்போன பலா நிலையோடு கவ்விக்கொண்டு நின்றது. உள்ளே கும்மிருட்டு, பெட்ரோல் நாற்றம். மூச்சு முட்டியது. கூப்பிடவும் வெட்கம், கிடக்கவும் பயம்.

கடைசியில் வேறு வழியில்லாமல் ஹார்னை அமுக்கினார். கிளம்பிப் போய்விட்ட கார் ஷெட்டுக்குள்ளிருந்து அலறியது.

தெருவே கூடிவிட்டது. யாக்கூப் கடப்பாரையால் நெம்ப, கதவு நிலையோடு பெயர்ந்து விழுந்தது. தோளில் துண்டோடு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் ஆவுடைநாயகம். கூட்டத்துக்கு முன்னால் முக்காட்டோடு ஜன்னத்தே நின்றாள்.

அவளைப் பார்த்ததும் மனிதர் உடைந்து போனார்.

"தாயி, மன்னிச்சிரு. நோயாளிக்குக் காரைக் குடுக்காம ஒளிஞ்சு கெடந்தேன். நானெல்லாம் ஒரு மனுசனா? யாக்கூப், இந்தாரும் சாவி. இனிமே எனக்குக் காரும் வேண்டாம், குத்தாலமும் வேண்டாம்."

யாக்கூப் சாவியை வாங்காமல் தரையைப் பார்த்தார். இராமலட்சுமி அவசரமாக வீட்டுக்குள் போகத் திரும்பினாள். ஜன்னத்துக்குத்தான் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"எனக்கு ஒரு நோவும் இல்ல அண்ணாச்சி. 'அவுக ஓட்டுத கார்ல ஏற உசுரு நடுங்குது, யாராச்சும் போய்க் காரைக் கேளுங்க'ன்னு வாராவாரம் தெருவுல ஒவ்வொருத்தரா அனுப்பி விடுதது இராமலட்சுமி அக்காதான்!"