இரண்டு இயக்குநர்களும் ஒரு மூட்டைப் பூண்டும்

இந்த வருஷம் முட்டைக்கோஸைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

சாதாரண முடிவு இல்லை. எங்கள் வீட்டுப் பால்கனியில் நின்று, அன்யாங் நகரமே சாட்சியாக, என் இடுப்பின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்து எடுத்த முடிவு. சத்தியம் செய்ய வேறு உறுப்பு கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். மாமியார் வீட்டுக் கிம்ஜாங்கில் அடிபட்டது அதுதானே.

நவம்பர் கடைசியில் அந்தக் கிம்ஜாங் நாள் வரும். குளிர்காலம் முழுக்கத் தின்ன வேண்டிய கிம்ச்சி ஊறுகாயை ஒரே நாளில் போட்டு முடிக்க வேண்டும். குவேசானில் என் மாமியார் வீட்டு முற்றத்தில், உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் என் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மிளகாய்க் கலவையைத் தடவிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். மருமகன்கள் தூக்க வேண்டும். மாமியாருக்கு மூன்று மருமகன்கள். ஒருவர் கப்பலில் வேலை பார்க்கிறார். இன்னொருவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகிவிட்டது, குனியக் கூடாது. போன வருஷம் அந்த மனிதரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

தப்பிக்க ஒரு வழி செப்டம்பரிலேயே தானாகக் கடைக்குள் நடந்து வந்தது.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எங்கள் குடியிருப்பில் சினிமா தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதற்குக் காரணம் கண் சோதிக்கும் இயந்திரம். வருகிறவர் அதில் மோவாயை வைத்து அசையாமல் உட்கார வேண்டும். அப்போது நான் சினிமாவைப் பற்றி எதைச் சொன்னாலும் அவரால் மறுத்துப் பேச முடியாது. இப்படியே நாலு பேர் கேட்டுக் கேட்டு என்னை நிபுணனாக்கிவிட்டார்கள். அன்றைக்கு மோவாய் வைத்திருந்தவர் ஓக் அக்கா. குடியிருப்பின் திரைப்படச் சங்கத் தலைவி. மோவாயை எடுத்ததும் கேட்டார்.

"முதலாளி, பியோனையும் நம்குங்கையும் ஒப்பிட்டு நீங்க ஒரு நாள் பேசணுமே. ரெண்டு பேர்ல யார் பெரிய ஆளுன்னு சங்கத்துல தினம் அடிதடி."

அடிதடி சங்கத்தில் மட்டுமில்லை. பியோன் சொக், நம்குங் ஹியோல் இரண்டு இயக்குநர்களும் வெளிநாட்டு விருது வாங்கி வாங்கி அலமாரி நிரம்பியவர்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் பியோன் கட்சி, மீதிப் பேர் நம்குங் கட்சி. முடிவெட்டிக்கொள்ளும்போது இந்தப் பேச்சு வந்தால் காதுக்கு உத்தரவாதம் இல்லை.

"தாராளமா பேசலாங்க்கா. ஆனா நவம்பர் கடைசி சனிக்கிழமைதான் எனக்கு ஒழியும்."

ஓக் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தச் சனிக்கிழமையா? நிச்சயமாவா?"

"வேற நாளே கிடையாது."

"சரி. அன்னிக்கு நாங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் இருப்போம். எங்களுக்கும் வசதி" என்று சொல்லிச் சிரித்தார். என்ன நல்ல பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து என் மனைவி மிரானிடம் சொல்ல வேண்டும். மிரான் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தின் பொறுப்பாளர். நானூறு பிள்ளைகளைக் கண்ணசைவில் வரிசையில் நிறுத்துகிறவள். நான் ஒருவன் அவளுக்கு எந்த மூலைக்கு?

"நாரே அம்மா, நவம்பர் கடைசி சனிக்கிழமை எனக்கு ஒரு பேச்சு இருக்கு." நாரே எங்கள் மகள். பூசானில் படிக்கிறாள். ஆபத்தான விஷயத்தை மகள் பெயரைச் சொல்லித் தொடங்குவது என் வழக்கம்.

"என்ன பேச்சு?"

"பியோனும் நம்குங்கும். சினிமாச் சங்கத்துல கெஞ்சிக் கூப்பிடறாங்க."

"அன்னிக்குத்தானே அம்மா வீட்டுல கிம்ஜாங்?"

"அடடா, அன்னிக்கா?"

இந்த 'அடடா'வை நான் கடைக் கண்ணாடி முன்னால் நின்று நன்றாக ஒத்திகை பார்த்திருந்தேன்.

"போயிட்டு வாங்க" என்றாள் மிரான்.

"என்னது?"

"போய்ப் பேசிட்டு வாங்கன்னேன். கலைன்னு வந்துட்டா முட்டைக்கோஸெல்லாம் ஒரு பொருட்டா? அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

சண்டைக்குக் கச்சை கட்டிக்கொண்டு போனவனை உட்கார வைத்துக் காப்பி கொடுத்த மாதிரி இருந்தது. கொஞ்சம் ஏமாற்றம்கூட. அவள் பேரிக்காயைச் சீவி என் பக்கம் தட்டைத் தள்ளினாள்.

"ஏங்க, அவங்க படமெல்லாம் நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நாம சேர்ந்துதானே பார்த்தோம்."

"நான் பார்த்தேன். நீங்க பக்கத்துல இருந்தீங்க."

உண்மைதான். பியோன் படம் என்றால் ரத்தம். எனக்குப் பயம், கண்ணை மூடிக்கொள்வேன். நம்குங் படம் என்றால் ஒரு வீடு, ஒரு மேசை, நாலு பேர் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். எனக்குத் தூக்கம், கண்ணை மூடிக்கொள்வேன். இரண்டு மேதைகளுக்கும் நான் கண்ட ஒரே ஒற்றுமை இதுதான். இதை வைத்து ஒரு மணி நேரம் பேச முடியாது.

"நீ கொஞ்சம் சொல்லிக் கொடேன்" என்றேன்.

"சொல்றேன். ஆனா எதிர்ல ஒருத்தர் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தா எனக்குப் பேச்சு வராது."

சொல்லிவிட்டுப் பால்கனியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்து வந்தாள். பூண்டு. வழக்கமாக வாங்குவதைவிட நிச்சயம் பெரிய மூட்டை.

"இதை உரிச்சுக்கிட்டே கேளுங்க."

"நான்தான் கிம்ஜாங்குக்கு வரலையே."

"வரலை. கிம்ச்சி சாப்பிடுவீங்கல்ல?"

உரித்தேன்.

மறுநாள் மாலை குப்பை பிரித்துப் போடும் இடத்தில் பாங் அண்ணனைச் சந்தித்தேன். எதிர்வீட்டுக்காரர். எங்கள் குடியிருப்பில் கணவன்மார்கள் மனம்விட்டுப் பேசுவது காலிப் பாட்டில் தொட்டிக்குப் பக்கத்தில்தான். பாங் அண்ணனுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு நவம்பரிலும் கடைசி வாரத்தில் அவருடைய நண்பர் ஒருவரின் தகப்பனார் தவறாமல் இறந்துபோவார். இவர் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியூர் போய்விடுவார்.

"இந்தத் தடவை நானும் தப்பிச்சுட்டேண்ணே" என்றேன்.

"எப்படி?"

"கலை."

பாங் அண்ணன் அட்டைப்பெட்டியை மிதித்துத் தட்டையாக்கினார். "கலையை நம்பாதே தம்பி. சாவுதான் கடைசி வரைக்கும் நிக்கும்."

பொறாமையில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு தினமும் சாப்பாடு முடிந்ததும் வகுப்பு. மிரான் எதிரில் உட்கார்ந்து முள்ளங்கி சீவுவாள். நான் பூண்டு. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் பேசப் பேச, நான் தூங்கித் தொலைத்த படங்களெல்லாம் பெரிதாகிக்கொண்டே போயின. இத்தனை வருஷம் இவளைப் பேசவிடாமல் நானே பேசியிருக்கிறேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது. பூண்டு வேறு கண்ணைக் கரித்தது.

"பியோன் நம்ம கழுத்தைப் பிடிச்சு, இதைப் பார், இதைப் பார்னு திருப்புவார். நம்குங் ஒண்ணும் சொல்ல மாட்டார். படம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம்தான் எதைப் பார்க்காம விட்டோம்னு தெரியும்."

"அருமை. அப்புறம்?"

"கை நிக்குது பாருங்க."

உரித்தேன்.

"பியோன் படத்துல கத்தி வந்தா யாரையாவது குத்தும். நம்குங் படத்துல கத்தி ஆப்பிள் சீவத்தான் வரும். எதைப் பார்த்தா உங்களுக்குப் பயமா இருக்கு?"

"குத்தறவனைப் பார்த்துத்தான்."

"எனக்கு ஆப்பிள் சீவறவளைப் பார்த்து" என்றாள், முள்ளங்கியைச் சீவிக்கொண்டே.

கடைசி நாள் அவள் சொன்னதுதான் மகுடம். அதை அப்படியே மனப்பாடம் செய்தேன். பேச்சின் நடுவில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். மூட்டை காலியாகியிருந்தது. விரலில் வந்த வாடை எந்த சோப்புக்கும் போகவில்லை. ஆனால் இடுப்பு பத்திரமாக இருந்தது. அதற்கு முன்னால் இதெல்லாம் ஒரு விலையா?

சனிக்கிழமை வந்தது. கல்யாணத்துக்குப் போகிற கோட்டைப் போட்டேன், கழுத்துப்பட்டை கட்டினேன். மிரான் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தாள். குவேசானுக்கு என்று நினைத்தேன். பாவம், தனியாகத் தூக்குவாளே என்று ஒரு கணம் வருந்தினேன். ஒரு கணம்தான். விசில் அடித்துக்கொண்டே குடியிருப்போர் கூடத்துக்குப் போனேன்.

கதவுக்கு வெளியிலேயே மிளகாய்த்தூள் மூக்கில் ஏறியது.

உள்ளே நாற்காலி எதுவும் இல்லை. தரை முழுக்க பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் ஆள் குளிக்கிற அளவுக்குச் சிவப்புத் தொட்டிகள். தொட்டிகளைச் சுற்றித் திரைப்படச் சங்கம், மொத்தமும் இளஞ்சிவப்பு ரப்பர் கையுறையில். சுவரோரம் உப்பில் ஊறிய முட்டைக்கோஸ், என் உயரத்துக்கு.

"வாங்க முதலாளி" என்றார் ஓக் அக்கா. "எங்க வராம போயிடுவீங்களோன்னு நினைச்சேன்."

"அக்கா, பேச்சு..."

"பேச்சுதான். வருஷா வருஷம் இந்தச் சனிக்கிழமை, தனியா இருக்கற பெரியவங்களுக்கு நம்ம சங்கத்துல கிம்ச்சி போட்டுக் கொடுப்போமே, தெரியாதா? போன வருஷம் ரேடியோ வச்சிருந்தோம். இந்த வருஷம் நீங்க."

பத்து வருஷமாக அந்தக் குடியிருப்பில் இருக்கிறேன். அந்த வாரம் மாமியார் வீட்டிலிருந்து எப்படித் தப்பிப்பது என்ற யோசனையிலேயே இருந்ததால் இது என் கண்ணிலேயே படவில்லை. கண்ணாடிக் கடைக்காரன்.

ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் பழகிய முதுகு ஒன்று தெரிந்தது. பாங் அண்ணன். கறுப்புக் கோட்டுக்கு மேல் ஏப்ரன் கட்டி, முள்ளங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சாவு என்னாச்சு?"

"என் பொண்டாட்டி அந்த நண்பனோட அப்பாகிட்டயே போன் போட்டுக் கேட்டுட்டா தம்பி. நல்லா இருக்காராம்."

அப்போது என் முன்னால் ஒரு பூப்போட்ட ஏப்ரன் நீண்டது. பிடித்திருந்தது மிரான்.

"நீ குவேசான் போகலையா?"

"உங்க பேச்சைக் கேட்காம நான் எங்க போவேன்? கோட்டைக் கழட்டுங்க, கறை பட்டுடும்."

"நான் பேச வந்தவன்."

"கையைக் கட்டிக்கிட்டா உங்களுக்குப் பேச்சு வராதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

ஆகவே பேசினேன். ஒரு கையில் ஊறிய முட்டைக்கோஸ், மறு கையில் மிளகாய்க் கலவை. ஒவ்வோர் இதழாகத் தூக்கித் தடவிக்கொண்டே கழுத்தைப் பிடித்துத் திருப்புவதைச் சொன்னேன். கை தட்டினார்கள். ரப்பர் கையுறை என்பதால் சத்தம் பலமாகவே வந்தது. கத்தியையும் ஆப்பிளையும் சொன்னேன். ஓக் அக்கா மிரானைப் பார்த்துத் தலையசைத்தார். நடுநடுவே தொட்டி நிரம்பினால் தூக்கி வைத்துவிட்டு வந்து தொடர்ந்தேன். இடுப்பு பழைய இடத்தில் பழையபடி பிடித்துக்கொண்டது. பிறகு மகுட வாக்கியத்துக்கு வந்தேன். நிமிர்ந்தேன். பெருமூச்சு விட்டேன்.

"பியோன் படத்தில் எல்லோரும் திட்டம் போடுவார்கள். பெரிய பெரிய திட்டம். கடைசியில் திட்டம் போட்டவனேதான் மாட்டிக்கொள்வான். நம்குங் படத்தில் யாரும் திட்டமே போட மாட்டார்கள். எதிரில் உட்கார்ந்து எதையாவது நறுக்கிக்கொண்டு இருப்பார்கள். ஆனால் படம் முடியும்போது பார்த்தால்..."

அங்கே நின்றுவிட்டேன். என் கையுறையைப் பார்த்தேன். ஏப்ரனில் இருந்த பூக்களைப் பார்த்தேன். கலவையில் நசுங்கிக் கிடந்த பூண்டு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நானே உரித்தது.

"பார்த்தால்?" என்றார் ஓக் அக்கா.

"வேலை முடிஞ்சிருக்கும்" என்று முடித்து வைத்தாள் மிரான்.

கூடம் சிரித்த சிரிப்பில் பாங் அண்ணன் முள்ளங்கிக் கூடையைக் கீழே போட்டார்.

அதற்குப் பிறகு யாரோ கேட்டார்கள், நம்குங்கின் புதுப் படத்தில் அந்தப் பெண் கடைசியில் ஏன் சிரிக்கிறாள் என்று. அவள் சிரித்ததே எனக்குத் தெரியாது. மிரான் சொன்னாள். சொல்லிக்கொண்டே போனாள். அத்தனை கைகளும் அப்படியே நின்றன, என்னுடையதும்தான். எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் அடுத்த தொட்டியைத் தூக்கினேன்.

வேலை முடிந்ததும், சூடாக வெந்த பன்றி இறைச்சி வந்தது. புதுக் கிம்ச்சியோடு அதைத் தின்பதற்காகத்தான் மனிதர்கள் கிம்ஜாங்கையே சகித்துக்கொள்கிறார்கள். ஓக் அக்கா எழுந்து நின்று அறிவித்தார். வசந்த காலத்தில் சங்கத்தில் தொடர் சொற்பொழிவு. பேசப் போவது மிரான்.

"முதலாளி, உங்களையும் விட்டுட மாட்டோம்" என்றார். "அடுத்த வருஷமும் பூண்டு நீங்கதான். ஒண்ணுகூட நசுங்காம உரிச்சிருக்கீங்க. அதுல உங்களுக்குன்னு ஒரு தனிப் பாணி இருக்கு."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மிரான் முட்டைக்கோஸ் இதழில் பெரிய இறைச்சித் துண்டாக வைத்து மடித்து, ஆசையாக என் வாயில் திணித்தாள். இயந்திரத்தில் மோவாய் வைத்தவர்களின் கஷ்டம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"மெதுவா மெல்லுங்க" என்றாள். "அம்மாகிட்டயும் பேசிட்டேன். உங்க பேச்சுக்காகக் கிம்ஜாங்கை நாளைக்குத் தள்ளி வச்சிருக்காங்க. அவங்களுக்கும் நம்குங்னா உயிர், இதையே அங்கேயும் ஒரு தடவை பேசிடுங்க. முட்டைக்கோஸ் இதைவிட ஜாஸ்தி, அவசரமில்லாம விளக்கமாப் பேசலாம்."