ஊட்டியின் இரண்டு கட்டைகள்

மலையே இல்லாத ஊரில் மலைப்பாதைப் பயணம் செய்யும் ஒரே மனிதர் எங்கள் ஊட்டிதான். பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலை தோசைக்கல் மாதிரி. கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். அந்தச் சாலையில் தினமும் காலை பஸ்ஸில் அவர் ஒரு மலையிலிருந்து இறங்குவார். மாலை பஸ்ஸில் ஏறுவார்.

சொந்த ஊர் ஊட்டி இல்லை, கோத்தகிரி. அங்கே வீடு, கீழே மேட்டுப்பாளையத்தில் வேலை. பாதி வாழ்க்கையைக் கொண்டை ஊசி வளைவுகளில் கழித்தவர். மனைவிக்குப் பாகூர் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் கூடவே வந்து, புதுச்சேரியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தார். முதல் நாளே கண்டக்டர் பெயர் வைத்துவிட்டார்.

"ஊட்டி இல்லீங்க, கோத்தகிரி."

"ரெண்டும் குளுருதான ஊட்டி? டிக்கெட்ட புடி."

கத்திரி வெயிலிலும் இடுப்பில் ஸ்வெட்டர் கட்டியிருக்கும். அரியாங்குப்பம் பாலம் வந்தால் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கருகே வைத்துக்கொள்வார். பாலத்தின் உச்சியில் எச்சில் விழுங்குவார். "காது அடைக்குதுங்க. நீங்களும் முழுங்குங்க" என்று பக்கத்து சீட்டுக்கும் சொல்வார். நானும் ஒருநாள் விழுங்கிப் பார்த்தேன். கொஞ்சம் அடைத்த மாதிரிதான் இருந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். அவருடைய பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும், முக்கோணமாகச் செதுக்கியவை. மலையில் வண்டி நின்றால் உருளாமலிருக்கச் சக்கரத்தின் அடியில் கட்டை வைப்பார்கள். பாகூரில் டிரைவர் முருகையன் டீ குடிக்க இறங்கியதும், ஊட்டி இறங்கிப் பின்சக்கரத்துக்கு முட்டு வைப்பார். மலையில் ஒரு கட்டை போதும், சரிவு எந்தப் பக்கம் என்று தெரியும். இங்கே தெரியாததால் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"யோவ் ஊட்டி, வண்டி எங்கய்யா ஓடிப் போவப் போவுது? ஏரிக்கா?" என்பார் முருகையன்.

"போகாதுங்க. ஒருவேளை போயிட்டா?"

முருகையன் தலையில் அடித்துக்கொண்டு டீக்கடைக்கு நடப்பார். கிளம்பும்போது ஊட்டியே கட்டைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஏறுவார்.

ஒருநாள் காலை, தினமும் கீரை விற்கப் போகும் அஞ்சலை, மகள் கயலையும் அழைத்து வந்தாள். கயலுக்கு நர்ஸ் வேலைக்கான பரீட்சை. ஏறி உட்கார்ந்து பையைத் துழாவியபோதுதான் ஹால் டிக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டது தெரிந்தது. இறங்கி ஓடினாள். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். அதில் போனால் பரீட்சை நடக்கும் இடத்தில் கேட்டை மூடியிருப்பார்கள்.

முருகையன் டீயை முடித்துவிட்டு வந்து ஏறினார்.

"அண்ணே, பொண்ணு வந்துடும்ணே. ரெண்டே நிமிஷம்ணே" என்றாள் அஞ்சலை.

"இன்னாமா நீ? கிருமாம்பாக்கத்துல டைம் கீப்பர் வாட்ச்ச பாத்துகினு நிக்கிறான். நேத்தே லேட்டு. இன்னிக்கும் லேட்டுன்னா ஓனர் என்ன வூட்டுக்கு அனுப்பிடுவான்."

முருகையன் பொல்லாதவர் இல்லை, சொன்னதும் உண்மை. கியரைப் போட்டார். பஸ் முனகியது, நகரவில்லை. ரிவர்ஸ் போட்டார். அதற்கும் முனகியது.

"எவன்டா கட்டைய எடுக்கல?"

ஊட்டி சீட்டிலிருந்து எழுந்தார். "நாந்தானுங்க. மறந்துட்டேன்."

"எறங்கி எடுய்யா!"

"எடுத்துருவேன். இடுப்பு புடிச்சிக்கிச்சுங்க. குனிய முடியல."

சற்று முன் கீழே விழுந்த எலுமிச்சம்பழத்தைக் குனிந்து எடுத்த இடுப்பு அது. பஸ்ஸே பார்த்தது. பார்த்த எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

கண்டக்டர் இறங்கி இழுத்தார். சக்கரம் நெருக்கியதில் முன்கட்டை அசையவில்லை. "பின்னாடி வாங்கண்ணே!" பின்னால் வந்ததும் பின்கட்டை இறுகியது. "முன்னாடி போங்கண்ணே!"

"மெதுவாங்க, மெதுவா" என்றார் ஊட்டி ஜன்னல் வழியாக. "மலையில அவசரப்படக் கூடாது."

"இங்க எங்கய்யா மல கீது!" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தபோது, ஒரு கையில் செருப்பும் மறு கையில் ஹால் டிக்கெட்டுமாகக் கயல் ஓடிவந்து ஏறினாள்.

ஊட்டியின் இடுப்பு சரியாகிவிட்டது. இறங்கினார், கட்டைக்கு ஓர் உதை கொடுத்து இரண்டையும் எடுத்தார்.

முருகையன் அவற்றைப் பிடுங்கித் தன் சீட்டுக்கடியில் எறிந்தார். "இனிமே இத கண்ணுல பாத்தேன், அடுப்புல வெச்சிடுவேன்."

அன்று அவர் ஓட்டிய ஓட்டத்தில் பாலத்தின் மேல் எனக்கு நிஜமாகவே காது அடைத்தது. கேட் மூடுவதற்குள் கயல் உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு ஊட்டியிடம் கட்டை இல்லை. முருகையன் டீ குடித்து முடிக்கும்வரை பின்சக்கரத்தின் பக்கத்தில் நின்று, அதைக் காலால் அணைத்தபடி இருப்பார்.

இந்த ஐப்பசியில் ஒருநாள் அடைமழை. கயல் இப்போது அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். அவள்தான் முதலில் கவனித்தாள். "ஊட்டி மாமா இன்னும் வரல."

முருகையன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். சீட்டுக்கடியில் கைவிட்டு அந்த இரண்டு கட்டைகளையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"இன்னாண்ணே, டைம் ஆச்சு" என்றார் கண்டக்டர்.

"வண்டி சரிவுல நிக்குதுடா, தெரியல?"

கோலிக்குண்டு உருளாத அந்தத் தெருவில், சரிவை ஒத்துக்கொண்டு, கோத்தகிரிக்காரருக்காக நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.