உயிரோடிருந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி

கட்டிய புருஷன் குத்துக்கல்லாட்டம் உயிரோடிருக்கும்போதே அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியவள் ராயபுரத்தில் நான் ஒருத்திதான். அதுவும் என் கையால் மைதா பசை காய்ச்சி.

என் வீட்டுக்காரர் கானா பாடுகிறவர். பாட்டுக்கு முன்னால் ஒரு குவார்ட்டர், பின்னால் ஒரு குவார்ட்டர். சி.டி. வந்த புதிதில், கல்யாண வீடியோ எடுக்கும் பாஸ்கரைச் சேர்த்துக்கொண்டு தன் கதையையே படமாக எடுத்தார். பாட்டு எட்டு, சண்டை ரெண்டு, குடி படம் முழுக்க. கடைசியில் பாடகன் குடித்தே சாவான். நடிப்பதும் அவரே. (வேறு யாரால் அவ்வளவு குடிக்க முடியும்?)

"படத்துல அவன் செத்தான்னா நானும் குடிய வுட்டுடுவேன். உம்மேல சத்தியம்" என்றார். அவர் என்மேல் செய்த சத்தியங்களுக்கு நான் அதுவரை பத்துத் தடவை செத்திருக்க வேண்டும். ஆனாலும் நம்பினேன்.

சாவுக் காட்சிக்காக அச்சடித்த போஸ்டரில் பாஸ்கருக்கு ரெண்டுதான் தேவைப்பட்டது. மீதி ஒரு கட்டு. அவர் மூஞ்சி அவ்வளவு பெரிதாக! எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன போஸ்டர் என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன், தெரியாமல் இல்லை. படம் எடுப்பதுதான் ஊருக்கே தெரியுமே என்ற நினைப்பு. திருவொற்றியூர் வரைக்கும் ஒட்டிவிட்டு வந்தேன்.

"இன்னாக்கா, கண்ணுல தண்ணி ஊத்துற மாதிரி போட்டுக்கீது?" என்றாள் மீன் விற்கும் ரோஸி.

"சினிமான்னா அழுவாச்சி இருக்காதாடி?" என்றேன், பெரிய ஸ்டார் பெண்டாட்டி தோரணையில்.

மறுநாள் காலை ஷூட்டிங். தெருவில் பாடை, மேளம், அவர் மூக்கில் பஞ்சு. பாஸ்கர் கை காட்டியதும் அழ ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து, எண்ணூரிலிருந்து என் தம்பி துரை ஆட்டோவில் வந்து இறங்கினான். ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் எனக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை. பின்னால் போஸ்டரைப் பார்த்து வந்த ஒரு கூட்டம்.

துரைக்கும் இவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. (அவன் கல்யாண மேடையில் இவர் போதையில் சாவுப் பாட்டு பாடிவிட்டார்.) நான் வாயைத் திறப்பதற்குள் என்னைக் கட்டிக்கொண்டான். என்ன நடிப்பு என்று பாஸ்கர் கேமராவை நிறுத்தவே இல்லை.

"அழுவாத அக்கா! பேஜாரு தீந்துச்சு. இனிமேதான் நீ நிம்மதியா சோறு துன்னுவே!"

பஞ்சு பறந்தது. "எவன்டா பேஜாரு?" என்று பிணம் எழுந்து உட்கார்ந்தது.

வந்த கூட்டம் ஸ்டேஷன் பக்கம் ஓடியது. மல்லாந்து விழுந்த துரை, மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தான். "இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு. நீ குடிக்கிற குடிக்கு, நான்தான் உனுக்கு மால போடுவேன்!"

"போடா! உனுக்குப் போட்டுட்டுத்தான்டா நான் போவேன்!"

அதற்கப்புறம் பாடையில் படுக்க அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கதாநாயகன் சாக மறுத்ததால் படமும் முடியவில்லை. ஆனால் குடி அன்றோடு நின்றது. என் கண்ணீருக்கு நிற்கவில்லை, சத்தியத்துக்கு நிற்கவில்லை. மச்சானுக்கு முந்திப் போய்விடக் கூடாது என்று நின்றது. துரையும் மறுநாளே பீடியை விட்டான்.

இப்போது ரெண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் குடும்பமே இவர்களைச் சுற்றி நிற்கும்.

"இன்னா மச்சான், கொஞ்சம் எளைச்ச மாதிரி கீற?" என்று இவர் ஆசை ஆசையாக விசாரிப்பார்.

"நீ கண்ணாடியில பாத்துக்கினியா மாமா?" என்பான் அவன்.