இடப்பக்கம் பார்த்த குடும்பம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சுருளிப்பட்டி வேல்பாண்டியின் ஐந்து மாதப் பெண் குழந்தை ஓவியாவின் தலைமேல் சத்தியம்.

அந்தத் தலைதான் சிக்கலே. புதன்கிழமை விடிந்ததிலிருந்து அது இடது பக்கமாகவே திரும்பியிருந்தது. வலது பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டினாலும் ஓவியா இடப்பக்கச் சுவரைத்தான் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் சுந்தரலிங்கம் வருசநாட்டிலிருந்து வருகிறார். பிள்ளை பிறந்த அன்றே அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மாப்ள, பிள்ளைக்கு ஒரு குறைன்னு கண்ணுல பட்டுச்சு, தங்கச்சியையும் பிள்ளையையும் ஜீப்புல ஏத்திருவேன்."

சொன்னால் செய்கிறவர். சீதனமாகக் கொடுத்த பசுவை, கொம்பில் சாயம் வெளுத்துவிட்டது என்று திரும்ப ஓட்டிக்கொண்டு போனவர்.

"உரம் விழுந்திருக்கு. இருளம்மாக்காவக் கூப்பிடுங்க," என்றாள் பவானி, வேல்பாண்டியின் மனைவி.

அந்த ஊரில் கைக்குழந்தைக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டால் இருளம்மாள்தான். சேலையில் பிள்ளையைக் கிடத்தி, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இப்படியும் அப்படியும் உருட்டினால் உரம் எடுபட்டுவிடும். ஒரு பக்கம் இருளம்மாள், மறுபக்கம் வேல்பாண்டி.

"பிள்ளையப் பாக்காதீக, சேலையப் பாருங்க," என்றாள் இருளம்மாள்.

எந்தத் தகப்பன் கேட்பான்? மூன்றாவது உருட்டில் மளுக்கென்று ஒரு சத்தம். வேல்பாண்டியின் கழுத்து இடது பக்கம் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. ஓவியா சிரித்தாள், சுவரைப் பார்த்து.

"பெரியாளுக்குச் சேலை தாங்காது ஆத்தா. திராட்சைத் தோட்டத்துத் தார்ப்பாய எடு," என்றாள் இருளம்மாள் பவானியிடம்.

தார்ப்பாயைப் பவானியும் இருளம்மாளும் பிடித்தார்கள். வேல்பாண்டி எண்பத்தெட்டுக் கிலோ. இரண்டே உருட்டு. இரண்டு மளுக்.

"அக்கா, உங்க மூஞ்சி எங்கிட்டு இருக்கு?"

"எடப்பக்கச் சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கு. ஒன்னுது?"

"என்னுதும் எடப்பக்கந்தான்."

வியாழக்கிழமை நாலு பேரும் கம்பத்துக்குப் போனார்கள். வாரம் ஒருநாள் குமுளியிலிருந்து அங்கே வரும் சசிதரன், ஆஸ்டியோபதி படித்தவர். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. பிள்ளைகளின் எலும்பையும் தசையையும் விரலாலேயே வழிக்குக் கொண்டுவருகிறவர். ஓவியாவின் பிடரியில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடினார். முக்கால் மணி நேரம் அசையவில்லை.

"டாக்டர் தூங்கிட்டாகளோ," என்றாள் இருளம்மாள்.

சசிதரன் கண்ணைத் திறந்தார். "குட்டிக்கு ஒரு குழப்பமும் இல்லா. ஒறங்கி எழுந்தா நேராகும். இனி நிங்கள் வா."

வேல்பாண்டியின் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். பயத்தில் வேல்பாண்டி டாக்டரின் தலையை இரண்டு கையாலும் பிடித்தான். மளுக்.

"ஆருகிட்டயும் பறையண்டா," என்றார் சசிதரன், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. ஜன்னல் அவருக்கு இடது பக்கம் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஓவியா தூங்கி எழுந்தாள். கழுத்து நேராக நின்றது. வேல்பாண்டிக்கு உயிர் திரும்பியது, கழுத்துதான் திரும்பவில்லை.

சுந்தரலிங்கம் வந்து இறங்கினார். வருசநாட்டிலிருந்து ஜீப் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கியே வந்தவர், இடது பக்கம் பார்த்தபடியேதான் இறங்கினார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய இடத்துக் காரியங்களில் அதுதான் மரியாதை. தாய்மாமன் மடியில் ஓவியாவுக்குக் காது குத்தியாயிற்று.

போட்டோ எடுக்கிற விஜய்ராஜ் வரிசையைப் பார்த்தார். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வலது பக்கமாகப் பத்தடி தள்ளிப்போய் நின்றார். கேமராவுக்குள் கண்ணை விட்டார்.

"பெரியாளுக எல்லாரும் கச்சிதமா நேராப் பாக்குறீக," என்றார். "பாப்பா கழுத்துதான் ஒரு பக்கமா நிக்கிது. உரம் விழுந்திருக்காண்ணே?"

சுந்தரலிங்கம் பிள்ளையோடு எழுந்தார்.

"தங்கச்சி, ஜீப்புல ஏறு."

வேல்பாண்டிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. வருகிற தை மாதம்தான்.