ராஜாவின் இடது கை

பாலிகஞ்ச், கல்கத்தா
புதன்கிழமை, காலை 9.15

சிரஞ்சீவி விசுவுக்கு, அத்திம்பேர் பார்த்தசாரதியின் ஆசீர்வாதங்கள். இவ்விடம் நான் க்ஷேமம். பொல்ட்டு கண்காணிப்பில் இருக்கிறான். அவ்விடம் நீயும், கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு இருக்கும் உன் மனைவி அலமுவும், அலமுவைப் பார்த்துக்கொள்ள வந்து ஒரு மாதமாக உங்கள் வீட்டை ஆண்டுகொண்டிருக்கும் உன் அக்கா வசுந்தராவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் வீட்டுக்கு வராமல் உன் பாங்க் விலாசத்துக்கு வந்திருப்பதைக் கவனித்திருப்பாய். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் போனை உன்னைவிட உன் அக்காதான் அதிகம் எடுக்கிறாள். படித்ததும் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டவும்.

கடைசியாக உறுதிசெய்யப்பட்ட தகவல் இது: இன்று காலை 8.10 மணி நிலவரப்படி, ராஜாவின் இடது கை இன்னும் வெளியே வரவில்லை. ஆதாரம் நானே. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு குச்சியின் உதவியோடு, நேரில் பார்த்தது.

எந்த ராஜா, எங்கிருந்து வெளியே வரவேண்டும் என்று கேட்பாய். வரிசையாகச் சொல்கிறேன்.

பொல்ட்டு உன் மருமாள், அதாவது என் பெண், சுபிக்ஷாவின் நாய். லேக் மார்க்கெட்டில் ஒரு கறிகாய்க் கூடைக்குள் படுத்திருந்தவனை அவள் தூக்கி வந்து வளர்த்தாள். பழுப்பு நிறம், ஒன்றரை வயது, ஒரு காது நிற்கும், மற்றது நிற்காது. ஜூன் மாதம் அவளைப் புனேவுக்கு மாற்றினார்கள். புது வீட்டில் நாய்க்கு அனுமதி கிடைக்கும்வரை அவன் எங்கள் பொறுப்பு. நாய் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு உன் அக்காவே சாட்சி. வேண்டாம் என்று சொன்னவனின் கட்டிலுக்கடியில்தான் அவன் படுப்பான் என்பது அப்போது தெரியாது.

கிளம்புகிற அன்று சுபிக்ஷா விளையாட்டு விதிகள் என்று பதினான்கு விதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அதை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முப்பத்தாறு வருஷம் நிருபராக இருந்தவன். எழுத்தில் வந்ததை மதிப்பவன். பொம்மை நாயின் வாயைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். பட்டன், கண், மணி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. நூல் பிரியக் கூடாது. சாயம் கூடாது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியவேண்டும், பதியாவிட்டால் பல் உடையும். புதுப் பொம்மையோடு தனியாக விடக் கூடாது. இழுத்து விளையாடினால் ஆரம்பிப்பதும் முடிப்பதும் மனிதனாக இருக்கவேண்டும். இப்படிப் போகிறது.

முதலில் கரியாஹாட் நடைபாதையில் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்து வாங்கினேன், அமுக்கினால் கீச்சென்று கத்தும், நான்கு நிமிஷத்தில் பொல்ட்டு அதன் வயிற்றிலிருந்து கீச்சை எடுத்தான், அவன் வாயிலிருந்து கீச்சை நான் எடுத்தேன், போட்டோவைப் பார்த்த சுபிக்ஷா, "அப்பா, அந்த டக்குக்குக் கண்ணு இருக்கு பாரு, அது பட்டன், ரூல் நம்பர் டூ, நீ லிஸ்ட்டப் படிச்சியா இல்ல ஃபிரிட்ஜுக்குப் படிச்சுக் காட்டினியா?" என்றாள். அடுத்தது டென்னிஸ் பந்து, அது அப்படியே முழுசாக அவன் வாய்க்குள் போய்விட்டது, வாயை அளந்துதான் வாங்கினேன், ஆனால் மூடியிருக்கும்போது அளந்துவிட்டேன். பிறகு கொடிக்கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன், அது பிரிந்து நூல் நூலாக வந்தது, நூல் குடலில் சுற்றிக்கொள்ளுமாம், பிடுங்கினேன். கீழ் வீட்டு பௌதி, இங்கே பௌதி என்றால் மன்னி, குழம்பில் வெந்த ஆட்டெலும்பு ஒன்றைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள், வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து தொண்டையைக் குத்தும் என்று விதி ஒன்பதைப் படித்துக் காட்டினேன், "கிச்சு ஹோபே நா, தாதா, ஒண்ணும் ஆகாது அண்ணா, உங்க விதியெல்லாம் ஐயர் வீட்டு விதி" என்று கோபித்துக்கொண்டு கிண்ணத்தைத் திருப்பி எடுத்துப்போனாள். என் பழைய செருப்பைக் கொடுத்தேன், பழசுக்கும் புதுசுக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரியாது என்று விதி பதினொன்றில் இருப்பதை மறுநாள் சாயங்காலம்தான் கண்டேன், அதற்குள் நன்கொடைக்கு வந்த பூஜை கமிட்டி செயலாளர் வாசலில் விட்டிருந்த புதுச் செருப்பில் ஒன்று அரைச் செருப்பாகியிருந்தது. எல்லாப் பொம்மைகளையும் ஒரே சமயத்தில் கொடுக்காமல் பாதியை ஒளித்துவைத்து மாற்றி மாற்றிக் கொடு, அலுக்காது என்பது விதி பன்னிரண்டு. ஒளித்துவைத்தேன். எங்கே வைத்தேன் என்பது எனக்கு மறந்துவிட்டது, அவனுக்கு மறக்கவில்லை.

இந்த நிலையில் முந்தாநாள், திங்கட்கிழமை, உன் அக்கா போன் செய்து, கொலுப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் பொம்மைகளை பால்கனி வெயிலில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். செட்டியார், தசாவதாரம், போலீஸ்காரர் எல்லாம் சாயம் பூசியவர்கள், அவர்களை உயரத்தில் வைத்தேன். கடைசியில் ஒரு வேட்டிக் கிழிசலுக்குள்ளிருந்து மரப்பாச்சி ராஜாவும் ராணியும் வந்தார்கள். உங்கள் அம்மா கல்யாணத்தில் சீராக வைத்த ஜோடி. வருஷா வருஷம் உன் அக்கா அவர்களுக்குப் பட்டு உடுத்தி மேல்படியில் நிறுத்துவாள். நான் பெட்டி தூக்குபவன், அவ்வளவுதான்.

அப்போது பொல்ட்டு வந்து ராஜாவைக் கவ்விக்கொண்டான்.

திருத்தம். மேற்கண்ட வாக்கியம் உண்மையல்ல. நான்தான் கொடுத்தேன். ராஜாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் முன்னால் நின்றேன். வாயைவிடப் பெரியவர், இந்தத் தடவை திறந்த வாயை அளந்திருந்தேன். பட்டன் இல்லை, நூல் இல்லை, சாயம் இல்லை. முதுகில் நகத்தால் அழுத்தினேன், பதிந்தது. (பதிந்தது மரத்திலல்ல, பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கில் என்பது பிறகு தெரிந்தது.) பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கடிக்க மரப்பாச்சி கொடுப்பார்கள், அந்த மரம் மருந்து என்று உன் அக்காவே பலமுறை சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டில் எல்லா விதிக்கும் உட்பட்ட ஒரே பொருள் அவர்தான். கொடுத்தேன். அப்போது வாசலில் காஸ் சிலிண்டர் வந்தது. பதினோரு நிமிஷம் போயிருந்தேன்.

திரும்பிவந்தபோது பொல்ட்டு ராஜாவை முன்னங்கால்களுக்கு நடுவில் நிறுத்தித் தலையைக் கடித்துக்கொண்டிருந்தான். "விடுடா" என்றேன். மரியாதையாகப் பார்த்தான், விடவில்லை. அவன் கற்றதெல்லாம் சுபிக்ஷாவிடம், அவளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம் என்பது உனக்குத் தெரியும். இழுத்தேன். இழுப்பது விளையாட்டு என்று நினைத்து அவனும் இழுத்தான். சத்தம் கேட்டுக் கீழ் பால்கனியிலிருந்து பௌதி, "சாரோ!" என்று, வங்காளத்தில் அதுதான் 'விடு', ஒரு அதட்டல் போட்டாள். உடனே விட்டுவிட்டான். ராஜாவைத் திருப்பிப் பார்த்தேன். வலது கை இருந்தது. இடது கை இல்லை.

சோபாவுக்கடியில் தேடினேன். பால்கனித் தொட்டிகளைக் கவிழ்த்துத் தேடினேன். பௌதி கீழே செடிகளுக்குள் தேடினாள். இல்லை. ஒடிந்த இடம் வழவழவென்று இருந்தது. எச்சில் என்று எடுத்துக்கொண்டேன். கை எங்கேயும் இல்லை என்றால் அது இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான், அந்த இடம் என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் டாலிகஞ்ச் மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் மித்ரா சுபிக்ஷா வயதுப் பெண். எக்ஸ்ரேயில் மரம் தெரியாதாம். ஸ்கேன் செய்ததில் வாயு மறைத்தது. "அங்கிள், பொம்மையைக் கொடுக்கும்போது ரெண்டு கையும் இருந்துதா?" என்று கேட்டாள். "இருந்தது" என்றேன். "பாத்தீங்களா?" என்றாள். "மரப்பாச்சிக்கு ரெண்டு கை இருக்கும்மா" என்றேன். எழுதிக்கொண்டாள். எழுபத்திரண்டு மணி நேரம் பார்க்கலாம், வாந்தி எடுத்தாலோ சாப்பிட மறுத்தாலோ உடனே கொண்டுவாருங்கள், அதற்குள் தானாக வெளியே வராவிட்டால் வயிற்றைத் திறக்கவேண்டியிருக்கலாம் என்றாள். கெடு நாளை, வியாழன், மாலை நான்கு மணி.

அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை பொல்ட்டு முன்னே போக, நான் குச்சியும் பழைய பேப்பருமாகப் பின்னே போகிறேன். எங்கள் சந்தில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதல் நாள் செயலாளர், புதுச் செருப்புக்குப் பதில் ரப்பர் செருப்போடு நின்றவர், "என்ன தாதா, தரையில என்ன தேடறீங்க?" என்றார். "ராஜாவோட கை" என்றேன். அதை விளக்க ஒரு டீ ஆயிற்று. மறுநாள் காலை சாரத்தின் மேலிருந்தே ஒருவன், "தாதா, ஹோயேச்சே? ஆச்சா?" என்று கத்தினான். இஸ்திரி போடுபவர் கேட்கிறார். பால் பூத்தில் கேட்கிறார்கள். "இன்னும் இல்லை" என்று இரு வேளையும் அறிவிக்கிறேன். எல்லோரும் உச்சுக்கொட்டுகிறார்கள். பௌதி எலும்புக் கோபத்தை மறந்து வாழைப்பழம் மசித்துக் கொண்டுவருகிறாள். ஆனால் அவளும் இப்போது "கிச்சு ஹோபே நா" என்று சொல்வதில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் அவன் சாப்பாட்டைக் கொஞ்சம் மிச்சம் வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு இருபத்திரண்டு. மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் அதேதான். எண்ணிக்கொண்டிருக்கையில் என் பாதத்தின் மேல் முகவாயை வைத்துத் தூங்கிவிட்டான். ஒன்றரை மணி நேரம் காலை நகர்த்தவில்லை. இதை சுபிக்ஷாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அக்கா அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஹௌராவில் இறங்குகிறாள். மறுநாள் மகாளய அமாவாசை, படி கட்டிவிடுவாள். ஆகவே நீ இந்த சனிக்கிழமையே மயிலாப்பூர் மாடவீதிக்குப் போய் ஒரு ராஜா வாங்கவேண்டும். ஒரு சாணுக்கு இரண்டு விரல் கூடுதல் உயரம், கறுப்போடிய சிவப்பு, மூக்கு கொஞ்சம் மழுங்கியிருந்தால் உத்தமம். இரண்டு கையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. கூரியரில் பௌதி பெயருக்கு அனுப்பு. தனியாகத்தான் விற்பார்களா, ராணியோடுதான் தருவார்களா என்பது தெரியவில்லை. ராணியோடு வந்தால் அந்த அம்மாளை நீயே வைத்துக்கொள், அலமுவிடம் ஏதாவது சொல்லிக்கொள்.

அலமுவின் கண் நன்றாகத் தெளியட்டும், உனக்கு ஆயுசும் வாயடக்கமும் பெருகட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

அத்திம்பேர்
பார்த்தசாரதி

பி.கு. காலை 11.40. உறையை ஒட்டப்போகும்போது உன் அக்கா போன் செய்தாள். பேசியதை அப்படியே தருகிறேன்.

"மரப்பாச்சிய வெயில்ல வெச்சேளா? ராஜாவ சுவரோரமா சாச்சு வைங்கோ. இடது கை இல்லாததால ஒரு பக்கமா விழும்."

"கை இல்லையா?"

"நன்னாருக்கு. முப்பத்தெட்டு வருஷமா இந்தாத்துல கொலு வெக்கறேன், இத்தன நாள் பாக்கவே இல்லையா? அதுக்குத்தானே அங்கவஸ்திரத்த அந்தத் தோள்ல போடறேன்."

"எப்படிப் போச்சு?"

"விசுவுக்குப் பல் முளைக்கறச்சே அம்மா கடிக்கக் குடுத்தா. கைய ஒடிச்சு முழுங்கிட்டான். அப்பா மூணு நாள் குச்சிய வெச்சுண்டு காத்திருந்தார். வரவே இல்லை. ஏன், நாய் ஏதாவது பண்ணித்தா?"

இல்லை என்றேன்.

டாக்டர் மித்ராவுக்குப் போன் செய்தேன். சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்காணிப்பு முடிந்தது. கொலுப்பெட்டி திரும்பவும் பரணுக்குப் போய்விட்டது. பொல்ட்டு இப்போது பௌதி வீட்டில் இரண்டாவது கிண்ணம் சோறு சாப்பிடுகிறான், எலும்பு இல்லாமல். பந்தலில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தவறு என்னுடையது. ஒரு நாய், ஒரு டாக்டர், ஒரு தெரு, எல்லோரையும் விசாரித்தேன், தெரிந்தவளைக் கேட்கவில்லை. பொம்மையில் ஐந்து அம்சங்களைச் சரிபார்த்தேன்; கையை எண்ணும்படி பட்டியலில் இல்லை. கடிதத்தைக் கிழித்துவிடலாம். ஆனால் எழுதிய செய்தியை நான் கிழித்ததில்லை, மறுப்புதான் போட்டிருக்கிறேன். ஆகவே மறுப்போடு அனுப்புகிறேன். மாடவீதிக்குப் போகவேண்டாம்.

நிலுவையில் இருப்பவை இரண்டு. ஒன்று, மேற்படி இடது கை. ஐம்பத்து மூன்று வருஷமாக உன் தரப்பிலிருந்து தகவல் இல்லை. இரண்டு, ராஜாவின் தோளிலும் தலையிலும் பல் தடங்கள் இருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தோளில் இருக்கும் சின்னவை உன்னுடையவை. தலையில் இருப்பவை புதியவை; நல்லெண்ணெய் தடவினால் அவையும் பழையவை போலவே ஆகிவிடுகின்றன. உன் அக்கா கேட்டால் அவற்றையும் உன் பெயரிலேயே எழுதிவிடலாம் என்றிருக்கிறேன். உன் சம்மதம் அடுத்த வெள்ளிக்கிழமை காலை, ரயில் ஹௌராவுக்குள் நுழைவதற்குள், எதிர்பார்க்கப்படுகிறது.